அடைத்த கதவும் அடையாத வாயிலும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவி, தாவரவியல் துறை)

நல்ல நூல் நல்ல நண்பனைப் போன்றது என்பார்கள். நண்பன் நம் வீட்டுக்கு வருவான். நம்மைத் தன் வீட்டுக்கும் அழைத்துச் செல்வான். சென்ற ஓராண்டில் நான் படித்த நூல்களுள் நான்கு அப்படித்தான் என்னிடம் நடந்துகொண்டன. அவற்றுள் மூன்று என்னைத் தொலைதூரச் சீமைக்கு அழைத்துப் போகவில்லை. நான் பேருந்தில் கடந்துபோகும் ஊர்களுக்கே அழைத்துப் போய், 'இதோ பார்' என்று காட்டின. அந்த மகிழ்ச்சியை ஆசிரியப் பெருமக்களோடும் உடன் பயிலும் நண்பர்களோடும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்ற ஆசையே இக்கட்டுரை.

அறிவியல் மாணவிக்கு இலக்கியத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கேட்டும் இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். 'பட்டம் வாங்கினோமா, வேலைக்குப் போனோமா என்று இரு. கதைப் புத்தகம் சோறு போடுமா?' என்றார் உறவினர் ஒருவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சோற்றின் அருமை தெரிந்தவர் கேட்ட கேள்வி அது. ஆயின் அதற்கு விடை, சோறில்லாத ஒரு வீட்டைப் பற்றிய பழைய பாட்டிலேயே எனக்குக் கிடைத்தது. அதைச் சொல்லும் முன், நான் வந்த வழியைச் சொல்ல வேண்டும்.

முதலில் படித்தது கல்கியின் 'சிவகாமியின் சபதம்'. 1944 முதல் 1946 வரை 'கல்கி' இதழில் தொடராக வெளிவந்த நாவல். நான்கு பாகம். கோடை விடுமுறையில் எடுத்தேன். எடுத்ததைக் கீழே வைக்க மனம் வரவில்லை. காஞ்சியில் கல்வி கற்கவேண்டும் என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு தனியாக நடந்துவரும் பரஞ்சோதியைக் கண்டதும், 'அட, இவன் நம்மைப் போன்றவன்' என்று தோன்றியது. அவன் படிப்பு மடத்தில் நடக்காமல் போர்க்களத்தில் நடந்தது வேறு கதை. அழியாத அஜந்தா வண்ணத்தின் இரகசியத்தை எண்ணி எண்ணியே உருகும் ஆயனச் சிற்பி, வாதாபி எரிந்தாலன்றி அங்கிருந்து வரமாட்டேன் என்று சபதம் செய்யும் சிவகாமி, அந்தச் சபதம் நிறைவேறும்போது அவள் வாழ்வு கைநழுவிப் போயிருக்கும் கொடுமை! வென்றவள் தோற்றாளா, தோற்றவள் வென்றாளா என்று எங்கள் விடுதியில் இரவெல்லாம் வழக்காடினோம். 642-இல் நரசிம்மவர்ம பல்லவன் வாதாபியைக் கைப்பற்றியது வரலாறு. அந்த ஒரு வரிக்குள் எத்தனை கண்ணீரை ஒளித்துவைக்கலாம் என்று காட்டியவர் கல்கி.

அந்த மயக்கத்தோடு தோழியர் நால்வர் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் பேருந்து ஏறினோம். ஐந்து இரதங்களை முன்பும் பார்த்ததுண்டு. பள்ளிச் சுற்றுலாவில், வரிசையில் நின்று. இம்முறை கண் வேறிடத்தில் நின்றது. முடிக்கப்படாமல் விட்ட பகுதிகளில் உளி பதிந்த தடம் அப்படியே இருக்கிறது. யார் கை பட்ட தடம்? ஆயனர் கல்கியின் கற்பனை. உண்மையாக உளி பிடித்தவர்களுக்குப் பெயர் இல்லையா?

உண்டு என்று பின்னர் அறிந்தேன். மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஒரு பாறையில் பல்லவர் காலத் தொழிலாளர் சிலருடைய பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. கேவாத பெருந்தச்சன், கொல்லன் சேமகன் என்பவை அவற்றுள் சில. உளியைக் காய்ச்சிக் கூர்செய்து தரக் கொல்லன் இல்லாவிட்டால் சிற்பி என்ன செய்வார்? அந்தக் கொல்லனும் கல்லில் இருக்கிறான் என்றறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. கூடவே ஓர் ஏக்கமும் பிறந்தது. கல் வெட்டத் தெரிந்தவன் தன் பெயரைக் கல்லில் வைத்துவிட்டான். மீன் பிடித்தவளையும் மோர் விற்றவளையும் உப்பு விளைத்தவனையும் யார் எழுதிவைத்தார்கள்?

இந்தக் கேள்வியோடு தமிழ்ப் பேராசிரியரிடம் போனேன். அவர் சிரித்துக்கொண்டே நூலகத்திலிருந்து பத்துப்பாட்டை எடுத்துக் கையில் கொடுத்தார். "பெரும்பாணாற்றுப்படையைப் பார்" என்றார்.

500 அடிகள் கொண்ட பாட்டு அது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது; காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் புகழ்வது. பரிசு பெற்று வரும் பாணன் ஒருவன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்லி அனுப்புவதே ஆற்றுப்படை. அரசனைப் பாடுவதற்காகப் பிறந்த பாட்டுத்தான். ஆனால் அரசனிடம் போய்ச் சேரும்வரை வழியெல்லாம் யார் வீடு? உப்பு வண்டியோடு ஊர் ஊராகச் செல்லும் உமணர். எறும்பு சேர்த்த புல்லரிசியை மண்ணைக் கிளறி எடுத்து, நிலத்தில் பதித்த உரலில் குற்றிச் சமைக்கும் எயிற்றியர். மோர் விற்கப் புறப்படும் ஆயர்மகள். இந்த ஆயர்மகளை என்னால் மறக்கவே முடியவில்லை. நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொடுத்தால் வாங்க மாட்டாளாம். எருமையும் பசுவும் கன்றுமாகவே வாங்குவாளாம்! மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் கிடைத்தபோது, 'கம்மல் வாங்கு' என்றவர்களை விட்டுவிட்டுக் கறவை மாடு வாங்கிய என் பெரியம்மா நினைவுக்கு வந்தார். இரண்டாயிரம் ஆண்டுக் கணக்கும் என் பெரியம்மாவின் கணக்கும் ஒன்றே!

அதே பாட்டில் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகப் பட்டினம் வருகிறது. அதுவே இன்றைய மாமல்லபுரம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. வானைத் தாங்கும் தூண்போல உயர்ந்த மாடம். ஏணி சார்த்தியும் ஏறுவதற்கு அரிய உச்சி. இரவில் அங்கே ஏற்றிய தீ கடலில் போகும் மரக்கலங்களைக் கூவி அழைக்கிறதாம். ஒளி கூவுகிறது என்று சொன்ன புலவரை என்னென்பது! மாமல்லபுரத்தில் இப்போதுள்ள கலங்கரை விளக்கம் வெள்ளையர் காலத்தில் எழுந்தது. அதற்கு முன்பு பக்கத்துப் பல்லவர் கோயிலின் மேல்தளத்தில் விளக்கு எரிந்தது. அதற்கும் முன்பு இந்தக் கரையில் எரிந்த ஒரு விளக்கைத்தான் புலவர் பாடினாரோ என்று எண்ணும்போது உடல் சிலிர்க்கிறது.

இவ்வளவும் சொன்னது ஒரு முன்னுரைதான். என்னை உலுக்கிய நூல் இனிமேல்தான் வருகிறது.

பொதுத்தமிழ் வகுப்பில் கடையெழு வள்ளல்களைப் பற்றிப் பாடம் நடந்தது. மயிலுக்குப் போர்வை தந்த பேகன், முல்லைக்குத் தேர் தந்த பாரி முதலிய எழுவரையும் ஒருசேரச் சொல்லும் நூல் சிறுபாணாற்றுப்படை, 269 அடிகள். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் என்று பேராசிரியர் சொன்னார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இடைக்கழிநாடா? எங்கள் இடைக்கழிநாடா? கடப்பாக்கமும் ஆலம்பரைக் கோட்டையும் இருக்கின்ற, கடலுக்கும் கழிக்கும் இடையே நாடா விரித்ததுபோல் நீண்டு கிடக்கின்ற, இன்று செங்கற்பட்டு மாவட்டத்துச் செய்யூர் வட்டத்தில் ஒரு பேரூராட்சியாக இருக்கின்ற அதே இடைக்கழிநாடா? அதேதான்! பத்துப்பாட்டைப் பாடிய புலவருள் ஒருவர் எங்கள் மண்ணில் பிறந்தவர் என்று எனக்கு இருபது வயதுவரை தெரியாது. எங்கள் தெருவில் எவருக்கும் தெரியாது.

அன்று மாலையே நூலகத்துக்கு ஓடினேன். உரையோடு மெல்ல மெல்லப் படித்தேன். ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனிடம் சிறுபாணனை அனுப்புகிறார் புலவர். சேரன் நகர், பாண்டியன் நகர், சோழன் நகர் மூன்றையும் பாடி, நல்லியக்கோடனின் கொடைக்கு அவை ஈடாகா என்கிறார். பாண்டிய நாட்டைப் பாடும்போது ஒரு காட்சி. உமணர் வண்டியோடு வந்த மந்தி, கிளிஞ்சிலுக்குள் முத்தை இட்டு, உமணர் பிள்ளைகளோடு சேர்ந்து கிலுகிலுப்பை ஆட்டுகிறது. குரங்கின் கையில் முத்து! செல்வத்தை இதைவிடச் செழிப்பாகச் சொல்ல முடியுமா?

அதே பாட்டில் இன்னும் சில பக்கம் தள்ளி, இன்னொரு காட்சி. அடுக்களை. அங்கே அண்மையில் குட்டி போட்ட நாய். குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. அவை பால் குடிக்க முட்டுகின்றன. தாயின் மடியில் பால் இல்லை. பொறுக்க முடியாமல் அது குரைக்கிறது. கூரை இற்றுப்போய்க் கிடக்கிறது. பசியால் இடை ஒடுங்கிய கிணைமகள் ஒருத்தி, குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வருகிறாள். உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறகு என்ன செய்கிறாள் தெரியுமா? கதவை அடைக்கிறாள். சுற்றத்தார் எல்லாரையும் உள்ளே உட்காரவைத்து அந்தக் கீரையைப் பங்கிட்டு உண்கிறாள்.

நான் தாவரவியல் மாணவி. வேளை எனக்குத் தெரிந்த செடி. நல்வேளை என்றும் தைவேளை என்றும் சொல்வார்கள். அறிவியல் பெயர் கிளியோம் கைனான்ட்ரா. ஐந்து சிற்றிலைகள் கைவிரல்போல் விரிந்திருக்கும், வெள்ளைப் பூ, தொட்டால் பிசுபிசுப்பு. சோளம், கரும்பு போல சி4 முறையில் ஒளிச்சேர்க்கை செய்வதால் வெயிலைத் தாங்கும். குறைந்த நீரிலும் பிழைக்கும். தழைச்சத்து மிகுந்த குப்பைமேட்டில் விதைக்காமலே தழைத்து வரும். இலையோ கசக்கும். உழவும் விலையும் இல்லாமல் ஏழைக்குக் கிடைக்கக்கூடிய கீரை இதுவே என்று நத்தத்தனார் அறிந்திருக்கிறார்! செடியின் பெயரையும் அது முளைக்கும் இடத்தையும் பறிக்கும் விதத்தையும் சேர்த்துச் சொல்கிறார். எங்கள் ஆய்வகப் பதிவேட்டில்கூட இவ்வளவு சுருக்கமாக நாங்கள் எழுதுவதில்லை.

ஆனால் என் நெஞ்சை அறுத்தது செடியன்று, உப்பு. என் தந்தை உப்பளத் தொழிலாளி. கடல்நீரைப் பாத்தியில் தேக்கி, வெயிலில் வற்றவைத்து, நீரின் செறிவு ஏறக்குறைய 25 டிகிரிக்கு ஏறும்போது உப்பு இறங்கும். கருவி இல்லாமலே, நீரின் நிறத்தைப் பார்த்தே அப்பா சொல்லிவிடுவார். ஐப்பசி மழை விழுந்தால் அளத்தில் வேலை இல்லை; தை வரைக்கும் கடன்தான். அரிசி குறைந்த மாதங்கள் எங்கள் வீட்டில் உண்டு. எண்ணெய் இல்லாத நாட்கள் உண்டு. உப்பு இல்லாத நாள் மட்டும் இருந்ததே இல்லை. உப்பு விளையும் கரையில் பிறந்த புலவர், வறுமையின் எல்லையைக் காட்டத் தேர்ந்தெடுத்த சொல் 'உப்பில்லை' என்பது! குரங்குக்கு முத்து, மனிதருக்கு உப்பில்லை. இரண்டையும் ஒரே பாட்டில் வைத்த மனத்துணிவை நான் எப்படிப் புகழ்வேன்?

விடுமுறையில் ஊருக்குப் போனபோது அந்தப் பகுதியை அம்மாவுக்குப் படித்துப் பொருள் சொன்னேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏம் பாப்பா, உப்புகூடவா இல்ல அந்தப் பொண்ணு வூட்ல?"

"இல்லம்மா."

"பாவம், யாரு பெத்த பொண்ணோ" என்றார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கதவ சாத்தினாளே, அதான் புத்திசாலித்தனம். இல்லாததப் பாத்துட்டுப் போயி நாலு வூட்ல சொல்றதுக்கு ஆளா இல்ல?" என்றார்.

மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக் கதவும் உச்சிப்பொழுதில் சாத்தியிருக்கும். சாரல் அடிக்கிறது என்று அம்மா சொல்வார். நத்தத்தனார் அந்தக் கதவின் இரு புறத்தையும் பார்த்திருக்கிறார். அதைவிட முக்கியமான ஒன்றையும் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் யாருக்கு நாணிக் கதவடைத்தாள்? பிறர் வறுமையைப் பார்த்துப் பழிக்கின்ற அறிவற்றவர்களுக்கு. ஆம், புலவர் அறிவில்லாதவர் என்று சொன்னது படிக்காத கிணைமகளை அன்று. அவள் பசியைப் பார்த்துப் பேசுகிறவர்களை. யார் அறிவுடையோர், யார் அறிவிலார் என்பதற்கு நான் பட்டப்படிப்பில் கற்ற இலக்கணங்களுள் இதுவே சிறந்தது.

பாட்டு இத்துடன் நின்றிருந்தால் அழுகையோடு முடிந்திருக்கும். நிற்கவில்லை. அடைத்த கதவுக்குப் பிறகு திறந்த வீடுகள் வரிசையாக வருகின்றன. எயிற்பட்டினத்தில் நுளையர் பெண் கள்ளும் சுட்ட குழல்மீனும் தருகிறாள். மரக்காணம் பக்கமே அந்தப் பட்டினம் என்பார்கள். வேலூரில் எயிற்றியர் புளி கூட்டிய சுடுசோறும் வாட்டிய இறைச்சியும் படைக்கிறார்கள்; இந்த வேலூர் கோட்டை இருக்கும் வேலூர் அன்று, ஓய்மாநாட்டு வேலூர். ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டும். குற்றிக் குற்றி உலக்கையின் இரும்புப் பூண் தேய்ந்துபோயிருக்கிறதாம். அப்படித் தீட்டிய அரிசியாம்! இவர்களும் செல்வர்கள் அல்லர். ஆயினும் வழிப்போக்கனுக்குச் சோறிட்டவர்கள். அரண்மனைச் சோற்றுக்கு முன்பே பாணனின் வயிறு மூன்று ஏழைவீட்டுச் சோற்றால் நிறைந்துவிடுகிறது.

இந்த இடத்தில் அம்மா குறுக்கிட்டார். "ஆமூருன்னா வயக்காட்டு ஊராச்சே. அது கடல் நண்டு இல்ல, வயல் நண்டா இருக்கும்" என்றார். நூலை மறுபடி புரட்டினேன். ஆமூர் மருத நிலத்தூர் என்றே பாட்டு சொல்கிறது. எழுத்தறியாத என் தாய், பத்துப்பாட்டுக்கு உரை சொன்ன நாள் அது!

கடைசியில் நல்லியக்கோடனின் அரண்மனை வருகிறது. பொருநரோ, புலவரோ, மறையோதும் அந்தணரோ, யார் வந்தாலும் அடைக்கப்படாத வாயில் அவனுடையது என்கிறார் புலவர். நானாகவே ஒன்றைக் கண்டுகொண்டேன் என்று சொன்னால் ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். இந்தப் பாட்டு ஒரு கதவிலிருந்து ஒரு வாயில்வரை நடக்கிற நடை. நாணத்தால் அடைத்த கதவில் பசி இருக்கிறது. அடையாத வாயிலில் சோறு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஏழைகளின் மூன்று வீடுகள் வழிகாட்டி நிற்கின்றன. அரசனைப் புகழ்கிறபோதே, 'உன் வாயில் திறந்திராவிட்டால் அந்தக் கதவு திறக்காது' என்று அவன் கடமையையும் புலவர் சொல்லிவிடுகிறார்.

இவ்வளவும் ஏட்டுச் சுவடியிலேயே செல்லரித்துப் போயிருக்கலாம். தேடி அலைந்து, ஒப்புநோக்கி, 1889-இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் கொண்டுவந்தவர் உ. வே. சாமிநாதையர். அவருக்கு இடைக்கழிநாட்டின் சார்பில் ஒரு கும்பிடு.

உப்பைத் தேடி இன்னொரு நூலுக்கும் போனேன். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. 1979-இல் வந்த நாவல். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் வாழ்க்கை. மக்களிடையே சென்று, கண்டு, கேட்டு எழுதும் வழக்கமுடையவர் ஆசிரியர். உப்பளத்துக்கு வேலைக்கு வரும் பொன்னாச்சியைப் படிக்கும்போது, வெள்ளை உப்பின்மீது பட்டுத் திரும்பும் வெயிலில் கண் கூசும் என்பதும், உப்புநீரில் ஊறிய பாதத்தில் புண் ஆறாது என்பதும் எனக்குப் புதிய செய்திகள் அல்ல. அப்பாவின் பாதத்தை அறிந்தவள் நான். ஆனால் அது அச்செழுத்தில் வந்திருக்கிறது, பலர் கையில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது புதிய செய்தி. கல்லில் கொல்லன் சேமகன் இருப்பதுபோல, காகிதத்தில் உப்பளத்துக் கூலியாளும் இருக்கிறான். நத்தத்தனார் சொல்லாமல் விட்ட உப்பு விளைப்பவனின் பக்கத்தை, இத்தனை நூற்றாண்டுக்குப் பின் ஒரு பெண் எழுத்தாளர் நிரப்பினார் என்றே எனக்குப் படுகிறது.

'கதைப் புத்தகம் சோறு போடுமா?' என்ற உறவினருக்கு இப்போது விடை சொல்கிறேன். போடாது. ஆனால் சோறில்லாதவன் மானமில்லாதவன் அல்லன் என்று அது சொல்லும். சோறில்லாத வீட்டைப் பார்த்துச் சிரிப்பவனே கல்லாதவன் என்று சொல்லும். இருப்பதை வைத்து வழிப்போக்கனுக்கு இலை போட்டவளின் பெருமையை அரசன் பெருமைக்கு முன்னால் வைத்துச் சொல்லும். இவற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் கூடினால், ஒருநாள் சோறும் வரும்.

அரசுக் கல்லூரியின் வாயிலும் இக்காலத்து அடையாத வாயில்தான். உப்பளத்திலிருந்தும் குப்பத்திலிருந்தும் கழனியிலிருந்தும் முதன்முதலாக ஒருவர் இதற்குள் நுழைகிறார். அவரை இன்னார் மகன், இன்னார் மகள் என்று கேட்டு இது நிறுத்துவதில்லை. உள்ளே வந்துவிட்டோம். வந்த நாம் பின்னால் வருகிறவனுக்கு வழி சொல்ல வேண்டாமா? பரிசு பெற்ற பாணன் பெறாத பாணனுக்கு வழி சொன்னதுதானே ஆற்றுப்படை?

ஆதலால் நண்பர்களே, இயற்பியல் படித்தாலும் வணிகவியல் படித்தாலும், ஒரு மாலைப் பொழுதை நூலகத்தில் சிறுபாணாற்றுப்படைக்குக் கொடுங்கள். உரை கடினமாக இருந்தால் தயங்காமல் தமிழ்த்துறைக்குப் போய்க் கேளுங்கள். அவர்களுக்கும் விளங்காத இடம் வந்தால், ஊருக்கு எடுத்துச் சென்று உங்கள் அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள்.